அம்மாவுக்கும் ஒரு பங்கு

வீட்டுக்கடன், மகள் கல்யாணம், ஓய்வுக்காலம் என்று அத்தனைக்கும் கணக்குப் போடுகிறவர்கள், உயில் என்றதும் "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு?" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

"அதான் நாமினி போட்டாச்சே" என்பார்கள். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், உரிமை வாரிசுகளுக்குத்தான். பங்குகளுக்கும் அதே கதை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு. மாமியார் கையெழுத்தில்லாமல் வீட்டை விற்க முடியாது என்பது பல மருமகள்களுக்குப் பத்திரம் எழுதப் போகும்போதுதான் தெரியவருகிறது.

இத்தனைக்கும் உயில் எழுத வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை (பதிந்துவிடுங்கள் என்பேன்). சாட்சிக் கையெழுத்து இரண்டு. நம்மைவிட இளையவர்களாகப் பிடியுங்கள்.

நான் எழுதி பீரோவில் பட்டாவோடு வைத்துவிட்டேன். படித்துப் பார்த்த மனைவி கேட்டது ஒன்றுதான்: "என் நகையை நீங்க யாரு பிரிக்க?"