குழலைத் தெரிவு செய்யுமுன்

காற்றுத் துவக்கு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது காகம் கலைக்கும் கருவிதான். மாங்காய் பழுக்கும் காலத்தில் அணிலையும் குரங்கையும் விரட்டுவதற்காக வீட்டு மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருள். வெடிமருந்து இல்லாதபடியால் அது விளையாட்டுச் சாமானோடுதான் சேரும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. இந்த எண்ணம் வரலாற்றின்படியும் சரியன்று, இன்றைய தொழில்நுட்பத்தின்படியும் சரியன்று.

1780 ஆம் ஆண்டளவிலேயே ஒஸ்திரியப் படை தனது வீரர்களில் ஒரு பகுதியினருக்கு ஜிரண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துவக்கை வழங்கியிருந்தது. அதன் பிடங்கே காற்றை அடைத்து வைக்கும் கலனாக இருந்தது. ஏறத்தாழ 20 ஈயக் குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். ஆனால், வெறுமையான கலனை நிரப்புவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் பம்பை அடிக்க வேண்டும். 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரிடமும் ஒரு காற்றுத் துவக்கு இருந்தது. வழியில் சந்தித்த பழங்குடி மக்களின் முன்னிலையில் அதைச் சுட்டுக் காட்டியதை அவர்கள் தமது நாட்குறிப்புகளில் எழுதி வைத்துள்ளனர்.

இவற்றையெல்லாம் நான் தேடி வாசிக்க நேர்ந்தமைக்கு ஒரு மின்னஞ்சலே காரணம். நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சிறியதொரு பண்ணைக் காணியை வாங்கிக் குடியேறியிருக்கிறார். அங்கு காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். 0.30 அங்குல விட்டமுள்ள, அதாவது 7.62 மில்லிமீற்றர் குழலுடைய காற்றுத் துவக்கொன்றை வாங்க விரும்பிய அவருக்கு, அதே துவக்குக்கு இரண்டு வகைக் குழல்கள் கிடைக்கும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று பெலட் எனப்படும் சிறு குண்டுகளுக்கானது. மற்றையது ஈயத்தை உருக்கி வார்த்த சன்னங்களுக்கானது. "மாமா, இரண்டில் எது நல்ல குழல்?" என்பதே அவரது கேள்வி. பத்திரிகைக்காரன் எதையும் விசாரித்துச் சொல்வான் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருப்பது மகிழ்ச்சிக்குரியதே.

குழலுக்குள் செல்லப்போவது எது என்று தெரியாமல் எது நல்ல குழல் என்று சொல்ல முடியாது. ஆகவே பெலட்டிலிருந்து தொடங்குவோம்.

பெலட்டின் வடிவம் விசித்திரமானது. தலை தடித்தும் இடை ஒடுங்கியும் பின்புறம் பாவாடைபோல விரிந்து உள்ளே குடைந்தும் இருக்கும். இரண்டு கூம்புகளை முனையோடு முனை பொருத்திய டயபோலோ என்ற விளையாட்டுப் பொருளின் பெயரே இந்த வடிவத்துக்கும் வழங்குகிறது. பாரம் முன்னால் இருக்கிறது, காற்று பிடித்து இழுப்பது பின்னால் இருக்கிறது. பட்மின்டன் விளையாட்டின் இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் அது தலையை முன்னே திருப்பிக்கொண்டு போவதற்கு எது காரணமோ, அதுவே இதற்கும் காரணம். பெலட் தன் வடிவத்தினாலேயே நேராகச் செல்கிறது. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் புரிகள் கொடுக்கும் சுழற்சி அதற்கு ஒரு துணை மாத்திரமே.

வார்ப்புச் சன்னம் அப்படியன்று. அது திண்மமான ஈயத் துண்டு. வால் கிடையாது, இடை கிடையாது. பாரத்தின் மையம் சற்றுப் பின்தள்ளியே அமைவதால், சுழற்சி இல்லாவிட்டால் அது காற்றில் தலைகீழாகப் புரண்டுவிடும். பம்பரம் சுற்றும்வரை நிற்பதுபோல, சன்னமும் போதிய வேகத்தில் சுழலும்வரையே நேராகப் பறக்கும். எனவே அதற்குச் சுழற்சிதான் உயிர்.

எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆல்பிரெட் ஜோர்ஜ் கிரீன்ஹில், 1879 ஆம் ஆண்டில் பீரங்கிக் குண்டுகளுக்காக வகுத்த சூத்திரம் அது. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை 150 ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை புரி முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற அளவு கிடைக்கும். நண்பரின் மகன் கேட்ட 0.30 அங்குலக் குழலையே எடுத்துக்கொள்வோம். அதில் உருண்டைக் குண்டைப் போட்டால் 45 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும். 0.85 அங்குல நீளமான சன்னத்தைப் போட்டால் ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். விட்டம் ஒன்றுதான், நீளம் மாறியதும் தேவை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. நீளம் கூடக்கூடப் புரி இறுக வேண்டும் என்பதே இதன் சாரம். பெலட்டுக்கு அளவுக்கு மிஞ்சிய சுழற்சி நன்மை செய்வதில்லை. தூரம் செல்லச்செல்ல அது சுருள் சுருளாக விலகத் தொடங்கும்.

அடுத்தது குழலின் வாய். பெலட்டுக்கான நல்ல குழல்கள் பலவற்றில் வாயருகே உட்துளை மயிரிழையளவு ஒடுக்கப்பட்டிருக்கும். மென்மையான பாவாடையுடைய பெலட்டுகள் யாவும் அந்த ஒடுக்கத்தில் ஒரே அளவுக்கு வந்து வெளியேறும். திண்மமான சன்னத்துக்கு இந்த ஒடுக்கம் உதவாது. கடைசி நேரத்தில் அதை நெருக்கி, வேகத்தையும் சீரையும் கெடுத்துவிடக்கூடும். ஆகையால் சன்னத்துக்கான குழல்கள் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே துளையாக இருக்கின்றன.

மூன்றாவது விடயம் பொருத்தம். வெடிமருந்துத் துவக்கில் எரிவாயுவின் பெரும் அழுத்தம் சன்னத்தின் அடிப்பாகத்தை விரித்துக் குழலை அடைத்துவிடும். காற்றுத் துவக்கின் அழுத்தம் சாதாரணமாக 200 பார் அளவிலேயே இருப்பதால் அந்த வசதி அதற்கில்லை. பெலட்டின் மெல்லிய பாவாடை அந்த அழுத்தத்திலேயே விரிந்துகொள்ளும். திண்மமான சன்னம் விரியாது. அது ஆரம்பத்திலேயே குழலின் பள்ளங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். சிறுத்தால் காற்று ஒழுகும், பெருத்தால் இறுகி வேகம் குறையும். இதனால்தான் அனுபவசாலிகள் முதலில் மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலினூடாக மெதுவாகத் தள்ளி எடுத்து, அதில் பதிந்த தடத்தை மைக்றோமீற்றரால் அளந்து, அதன் பின்னரே அச்சை வாங்குகிறார்கள். வார்ப்பதற்கும் கலப்பில்லாத மென்மையான ஈயத்தையே விரும்புகிறார்கள்.

வார்ப்பது என்பதும் சிறிய காரியமன்று. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், கை கழுவாமல் உணவைத் தொடக்கூடாது, குழந்தைகள் பக்கத்திலும் வரக்கூடாது. இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிக்கனம் கருதிக் குசினி அடுப்பில் ஈயம் உருக்க நினைப்பவர்கள் இதை மனங்கொள்ள வேண்டும்.

இனி இந்த இரண்டாலும் ஆகக்கூடிய காரியத்தைப் பார்ப்போம். குறுகிய தூரத்தில் பெலட்டின் துல்லியம் அபாரமானது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டிகள் முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய மையப் பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதலாவது தனிநபர் தங்கப் பதக்கத்தை வென்றது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றியதும் இதே போட்டியில்தான். அவர்கள் சுடுவது 4.5 மில்லிமீற்றர் பெலட்.

ஆனால், பன்றியின் தோளெலும்பு கடதாசி இலக்கு அன்று. டெக்சாஸ் மாநிலம் 2018 ஆம் ஆண்டில் மான் முதலிய வேட்டை விலங்குகளைக் காற்றுத் துவக்கால் சுடுவதற்கு அனுமதி வழங்கியபோது ஓர் அளவையும் விதித்தது. விட்டம் 0.30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தது 150 கிரெயின், அதாவது 9.7 கிராம் நிறையுள்ள சன்னம் செக்கனுக்கு 800 அடி வேகத்தில் வெளியேற வேண்டும், அல்லது அதற்கு ஒப்பான 215 அடி-இறாத்தல் சக்தி இருக்க வேண்டும். 50 கிரெயின் நிறையுள்ள பெலட்டைச் செக்கனுக்கு 900 அடி வேகத்தில் சுட்டாலும் கிடைப்பது 90 அடி-இறாத்தல்தான். மானுக்கே போதாதது பருத்த பன்றிக்கு எப்படிப் போதும்? அது காயத்தோடு பற்றைக்குள் ஓடி, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். காட்டுப்பன்றிதான் நோக்கமென்றால் சன்னக் குழல் என்பதே நேர்மையான பதில்.

இங்கே நின்றிருந்தால் எனது பதில் இரண்டு வரிகளில் முடிந்திருக்கும். ஆனால் நான் அவரிடம் இன்னொன்றைக் கேட்டேன். "தம்பி, உமது காணியின் வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது?"

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. பெலட்டின் இறகுப்பந்து வடிவம் அதன் பலவீனமும்கூட. காற்று அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால் வேகம் விரைவில் வடிந்துவிடும். குறி தவறி மேல்நோக்கிப் போனாலும் சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். வார்ப்புச் சன்னம் அவ்வளவு இலகுவில் களைப்பதில்லை. அதே தவறு நேர்ந்தால் அது ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் செல்லக்கூடியது. குழலில் இறுகிய புரியை விரும்பி வாங்குபவர், துல்லியத்தோடு சேர்த்து இந்த நீண்ட தூரத்தையும் வாங்குகிறார். அந்தத் தூரம் முழுவதற்கும் அவரே பொறுப்பு.

அவருடைய பதில் மறுநாள் வந்தது. காணி தட்டையானது. மண்மேடு எதுவும் இல்லை. வேலிக்கு அப்பால் தெருவும், தெருவுக்கு அப்பால் நான்கைந்து வீடுகளும் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் பாடசாலைப் பேருந்து அந்தத் தெருவால்தான் போய்வருகிறது. நான் யோசிக்கவில்லை. பெலட் குழலை வாங்கி இலக்குச் சுடவும், அணில்களை விரட்டவும் வைத்துக்கொள்ளும்படியும், பன்றிகளுக்கு அங்குள்ள விவசாயிகள் பலரும் வைப்பதுபோலக் கூட்டுப் பொறி வைக்கும்படியும் எழுதினேன். அவரும் அப்படியே செய்தார். பொறிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாயிற்றாம்.

இது அளவுக்கு மீறிய அச்சம் என்று சிலர் சொல்லக்கூடும். 'சன்னம்' என்ற சொல்லை ஏறத்தாழ நாளாந்தம் செய்திகளில் எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தச் செய்திகளில் வந்தவர்களில் எத்தனையோ பேர் யாராலும் குறிவைக்கப்படாதவர்கள். கிணற்றடியில் நின்றவர், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பிள்ளை, முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த கிழவர். சுட்டவருக்கு அவர்களைத் தெரியாது. சன்னம் தன் தூரத்தைப் போய் முடித்தது, அவ்வளவுதான். வெடிமருந்தால் போனாலென்ன, காற்றால் போனாலென்ன, சன்னத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பெலட்டா, வார்ப்புச் சன்னமா என்று யோசிப்பவர்கள் புரியின் சுற்றையும் வாயின் ஒடுக்கத்தையும் துளையின் அளவையும் விசாரிக்கத்தான் வேண்டும். எண்களெல்லாம் கடையில் கிடைக்கும். அதற்கு முன்னர் ஒருதடவை தமது காணியின் எல்லைவரை நடந்து போய், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.