மக்னீசியத்துக்கு அமோனியம் குளோரைட்டு ஏன்?

உயர்தர இரசாயனவியலுக்குத் தயாராகும் பிள்ளையைக் கண்டால் எல்லோரும் கேட்பது, எத்தனை கடந்தகால வினாத்தாள் செய்து முடித்தாய் என்பதைத்தான். நான் அதைக் கேட்பதில்லை. கடைசியாக எந்த வினாவோடு ஒரு மணித்தியாலம் இருந்தாய் என்று கேட்பேன்.

முதலாம் தாளில் 50 வினாக்கள், 2 மணித்தியாலம். அவற்றில் 31 முதல் 40 வரையுள்ளவற்றில் நான்கு கூற்றுகளையும் தனித்தனியே தீர்மானித்தால்தான் விடைக்கு வரலாம். என் வகுப்பில் இந்தப் பத்துக்கும் விடை இலக்கம் எழுத விடுவதில்லை. ஒவ்வொரு கூற்றும் ஏன் சரி, பிழையென்றால் எதை மாற்றினால் சரியாகும் என்று எழுத வேண்டும். மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

மக்னீசியம் அயன் கரைசலுக்கு அமோனியா சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு வரும். போதிய அமோனியம் குளோரைட்டு இருந்தால் வராது. இதை அட்டவணையாக மனனம் செய்த பிள்ளை, கரைதிறன் பெருக்கக் கணக்கையும் பிசகில்லாமல் செய்யும். இரண்டும் ஒரே விடயம் என்பதுதான் தெரியாது. அலகு அலகாக ஓடும் வகுப்புகளில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. "சேர், அமோனியம் குளோரைட்டு ஏன் போடுறது?" என்று ஒரு மாணவி கேட்டபோது, "பொது அயன் விளைவு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "கணக்குப் போட்டுப் பார் பிள்ளை" என்றேன்.

அமோனியா லீற்றருக்கு 0.1 மூல், அதன் காரக் கூட்டப்பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. ஐதரொட்சைட்டு அயன் செறிவு ஏறத்தாழ 1.3 × 10⁻³ வருகிறது. மக்னீசியமும் 0.1 என்று வைத்து, மக்னீசியம் ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கத்தை 10⁻¹¹ என்று எடுத்தால், வீழ்படிவு தொடங்க ஐதரொட்சைட்டு 10⁻⁵ இருந்தாலே போதும். ஆகவே வீழ்படிகிறது. இப்போது அமோனியம் குளோரைட்டை லீற்றருக்கு 1 மூல் ஆகும்படி சேருங்கள். ஐதரொட்சைட்டு 1.8 × 10⁻⁶ ஆக இறங்கிவிடும். 10⁻⁵ என்ற எல்லையை அது எட்டவே இல்லை; கரைசல் தெளிவாகவே நிற்கிறது. மாணவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பத்துத் தாள் செய்தாலும் கிடைக்காத ஒன்று அவளுக்கு அன்று கிடைத்தது.

எங்கள் பரீட்சையில் ஆய்வுகூடத் தேர்வு தனியாக இல்லை, செய்முறையையும் தாளில்தான் கேட்பார்கள். அதைச் சாட்டாக வைத்துச் சோதனைக் குழாயைத் தொடாமலே பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. எனக்கு அது பெரிய கவலை. நாக அயன் கரைசலில் அமோனியாவைத் துளித்துளியாக விட, வெள்ளையாக வந்த வீழ்படிவு மிகையில் கரைந்து மறைவதையும், பக்கத்துக் குழாயில் அலுமினியத்தின் வீழ்படிவு அசையாமல் இருப்பதையும் ஒருதரம் கண்ணால் கண்டவர்கள் இரண்டையும் பிறகு குழப்பிக்கொள்வதில்லை.

கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால் கையால் கணிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். 8.314 ஐ 300 ஆல் பெருக்கினால் 2494. ஓர் அண்ணளவு மதிப்பீட்டுக்கு 2500 என்று எடுக்கலாம். எங்கே அப்படி எடுக்கலாம், எங்கே கூடாது என்ற தெளிவு, தினமும் கொஞ்சம் செய்தால் மட்டுமே வரும்.

இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம். பகுதி பி, பகுதி சி இரண்டிலும் மும்மூன்று வினாக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டைத் தெரிவுசெய்ய வேண்டும். வாசிப்பதற்கென்று தரும் 10 நிமிடத்தில் பிள்ளைகள் ஒவ்வொரு வினாவின் முதல் வரியைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். முதல் வரி பெரும்பாலும் இலகுவாகத்தான் இருக்கும். கடைசி உபபிரிவை முதலில் வாசியுங்கள். அதை உங்களால் தொடங்க முடியுமென்றால் அந்த வினாவை எடுங்கள்.