கானோவிலிருந்து ஒரு விருந்தாளி

மலேசியாவில் கோம்பாக்கில் முதுமாணி படித்த காலத்தில் எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவர் மாலைதீவு, ஒருவர் நைஜீரியாவின் கானோ, மற்றது நான். இன்று மூவருமே ஆசிரியர்கள். இந்த முறை நோன்பின் கடைசிப் பத்துக்கும் பெருநாளுக்கும் எங்கட ஊருக்கு வாங்க என்று இருவரையும் அழைத்தேன். இருவரும் உடனே சம்மதித்தார்கள்.

மாலைதீவு நண்பரின் விசா விஷயம் அன்றிரவே முடிந்துவிட்டது. அவர்கள் விசாக் கட்டணம்கூடக் கட்டத் தேவையில்லை. கானோ நண்பருக்கு அப்படியில்லை. ஈ.ரி.ஏ. என்ற இணையவழி அனுமதி நேரடியாகக் கிடைக்காத சில நாடுகளில் நைஜீரியாவும் ஒன்று. இலங்கைத் தூதரகம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது இங்கிருக்கும் ஒருவர் ஸ்பொன்சராக நின்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அபுஜாவிலிருந்த நமது உயர்ஸ்தானிகராலயத்தை டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில், 2021 இறுதியில், மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே ஸ்பொன்சர் நான்தான்.

மூன்று பேரும் ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள். ஆனால் ஒருவருக்கு மட்டும் 'இவர் திரும்பிப் போவார்' என்று நான் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இதில் கோபப்படவும் முடியவில்லை. ஐரோப்பிய விசாவுக்காக வங்கிக் கூற்று, சம்பளப் பத்திரம், காணி உறுதி என்று கோப்பு கட்டிக்கொண்டு போன நம்மவர்கள் எத்தனை பேர்! அந்தக் கவுண்டரின் மறுபக்கத்தில் நாமும் நிற்கிறோம், அவ்வளவுதான்.

அழைப்புக் கடிதம், எனது அடையாள அட்டைப் பிரதி, அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, பாடசாலைக் கடிதம், திரும்பிப் போகும் டிக்கட் விபரம் எல்லாம் சேர்த்தேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம் என்று அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். நைஜீரியாவிலிருந்து வருபவருக்கு அது கட்டாயம், பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். கடிதம் எழுதும்போது 'உறவுமுறை' என்ற இடத்தில்தான் பேனை நின்றது. நண்பர் என்று எழுதினால் போதுமா? என் வாப்பா மௌத்தான செய்தி கோம்பாக்குக்கு வந்த இரவு, விமான டிக்கட்டுக்குத் தன் மாதச் செலவுப் பணத்தை எடுத்துத் தந்த மனிதர் அவர். நண்பர் என்றுதான் எழுதினேன். வேறு சொல் அங்கே செல்லாது.

காக்காவுக்கு வேறு பயம். "ஆபிரிக்காவில இருந்து தாடி வெச்ச ஆளக் கூட்டி வந்து வீட்டில வெக்கப் போறியா? ஊரு என்ன சொல்லும், பொலிஸ் என்ன சொல்லும்?" 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, வீட்டிலிருந்த அரபுப் புத்தகங்களைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறிய நாட்கள் அவர் மனதில் இருக்கின்றன. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதற்காக விருந்தாளியை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டேன். கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர், "சேர், அவர் கிரிக்கெட் விளையாடுவாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, ஃபுட்போல்.

நண்பருக்குப் பாவா ஆதம் மலை ஏற ஆசை. 1344இல் இப்னு பதூதா ஏறியதைப் பற்றி வாசித்திருக்கிறார். "அவர் ஸ்பொன்சர் இல்லாமலா வந்தார்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டார். உண்மையில் அவருக்கும் ஸ்பொன்சர் இருந்தார். ஆரியச்சக்கரவர்த்தி. பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து மலைக்கு அனுப்பிவைத்தார். என்னால் தர முடிந்தது ஒரு முச்சக்கரவண்டியும் ஹட்டன் பஸ்ஸும்தான்.

கோப்பு ஒப்படைத்துப் பதினொரு நாளாகிறது. பதில் இன்னும் வரவில்லை. உம்மா தன் பங்குக்கு, அந்தப் பிள்ளை நோன்புக் கஞ்சி குடிக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டேன். அங்கேயும் கம்புக் கஞ்சியில்தான் நோன்பு திறப்பார்களாம்.