ரசீதில் எங்கள் பெயர்

இந்த ஆடியில் நாங்கள் ஒரு குதிரை வாங்கினோம். நாலு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், விலை 68 ஆயிரம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குதிரை வேலை நடக்கிறது. குதிரை மட்டும் இருந்ததில்லை. அதனால் எழுதுகிறோம்.

தாத்தா கடிவாளமும் சேணமும் தைத்தவர். அப்பா ஒரு பண்ணையத்தில் 26 வருடம் லாயம் பார்த்தவர். பிள்ளைகள் நாங்கள் இருவர். ஒருவர் அரசு விடுதியில் தங்கி சமூகவியல் முதுகலை வரை போனோம், இன்னொருவர் எட்டாவதோடு அப்பா பின்னால் லாயத்துக்குப் போனோம். விடியுமுன் லத்தி அள்ள வேண்டும், கொள்ளு வேகவைக்க வேண்டும், உடம்பு தேய்த்துவிட வேண்டும், முகூர்த்த நாளில் சாரட்டில் பூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போக வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று வலியிலேயே செத்துப்போகும். படுத்துப் புரளவிடாமல் ராத்திரி முழுக்க நடத்திக்கொண்டே இருந்து அப்பா பிழைக்கவைத்த குதிரைகள் நாலைந்து உண்டு. காலையில் பண்ணாடி வந்து குதிரையைத் தட்டிக்கொடுப்பார். அப்பாவுக்கு டீ வரும், தனி டம்ளரில்.

ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வெள்ளைக் குதிரையை வாடகைக்குக் கேட்டோம், எல்லாரும் கொடுக்கும் அதே வாடகைக்கு. குதிரைக்குக் காலில் அடிபட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அன்று காலையில் அந்தக் கால்கள் நான்கையும் கழுவித் துடைத்துவிட்டு வந்தவர் அப்பா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முகூர்த்தத்துக்கு அதே குதிரையைப் பக்கத்து ஊர் மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். பெரியப்பா மகன் டாடா ஏஸ் வண்டியில் ஊர்வலம் போனார்.

எங்கள் தெருக்கோடியில் மதுரை வீரன் இருக்கிறார். சிமெண்ட் குதிரைமேல், கையில் வாளோடு. எங்கள் சாதியார் எடுத்து வளர்த்த பிள்ளை என்று கதைப்பாடல் சொல்லும் அதே வீரன்தான். சாமி குதிரையில் இருக்கலாம், கும்பிடுகிறவன் ஏறக்கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த பகுதியைப் படித்துப் பாருங்கள். தலித்துகள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பது, திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பது எல்லாம் குற்றம். ஒரு நாட்டின் சட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் தேவைப்படுகிறது! ஆனால் அதில் குதிரை என்ற சொல் கல்யாண ஊர்வலத்தோடு சேர்ந்துதான் வருகிறது. வாழ்நாளில் ஒரு நாள், மாலையும் கழுத்துமாக. நாள்தோறும் ஒரு தலித் குதிரையைத் தன் சொத்தாக வைத்துப் பிழைப்பது அந்த வரியை எழுதியவர்களின் நினைப்பிலும் வரவில்லை போலும். 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் கொல்லப்பட்ட தலித் இளைஞர் மாப்பிள்ளைக் கோலத்தில் இல்லை. சொந்தக் குதிரை வைத்திருந்தார். அதை விற்றுவிடச் சொல்லி மிரட்டினார்கள் என்று அவருடைய தந்தை சொன்னார்.

அந்தச் செய்தி அம்மாவுக்கும் தெரியும். "மாடு வாங்குங்க, எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்" என்பதுதான் இரண்டு வருடமாக அம்மாவின் பேச்சு. கடைசியில் மகளிர் குழுவில் 25 ஆயிரம் கடன் எடுத்துத் தந்ததும் அம்மாதான்.

வேறு ஒரு கேள்வி படித்தவர்களிடமிருந்து வந்தது. குதிரை ஆதிக்கத்தின் சின்னமாயிற்றே, அதை வாங்குவது சீனிவாஸ் சொன்ன மேல்நிலையாக்கம்தானே, மேல்சாதியைப் பார்த்துச் செய்வதுதானே என்றார் ஒரு நண்பர். பரீட்சையில் இதற்கு நாங்களும் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் லாயத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு முகூர்த்தத்துக்கு வாங்கும் வாடகையில் தம்பி கைக்கு வந்தது 400 ரூபாய். குதிரைக்காரன் குதிரை வாங்குவது தறிக்காரன் தறி வாங்குவது மாதிரி. அதை யாரும் பாவனை என்று சொல்வதில்லை.

அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கூடும் சந்தை அது. கத்தியவார், மார்வாரி எல்லாம் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லும் குதிரைகளைச் சுற்றிச் செல்பி கூட்டம். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வியாபாரி சுழி பார்க்கச் சொன்னார், ராஜயோகம் என்றார். (குதிரைக்கும் நான்கு வருணம் பிரித்த சாஸ்திரம் இருக்கும் நாடு இது.) அப்பா சுழியைப் பார்க்கவில்லை, குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து, ஓரப் பல் இன்னும் பால் பல்தான், நாலு வயசு சரி என்றார்.

"எந்தப் பண்ணையத்துக்குங்க?" என்று கேட்டார் வியாபாரி.

"பண்ணாடிக்குத்தானுங்க, அவுங்க ஊட்டுல விசேசம்" என்றார் அப்பா.

எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. மூன்று வருடமாகச் சேர்த்த பணம் எங்கள் பையில் இருக்கிறது, வாய் மட்டும் இன்னும் பண்ணையத்தில் இருக்கிறதே என்று நினைத்தோம். அடிமை மனம், உள்வாங்கிய சாதி என்று வகுப்பில் எழுதிவைத்த சொற்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசி முடிந்தது. 90 சொன்னது 68இல் நின்றது.

டீக்கடையில் தம்பி கேட்டேவிட்டான். "ஏனுங்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நமக்குன்னு சொல்லியிருந்தா நொண்டியத்தான் காட்டியிருப்பான். நல்லது பின்னாடி கட்டியிருக்கும்."

26 வருடம் அடுத்தவருக்காகச் சந்தைக்குப் போனவரின் கணக்கு அது. எங்கள் சமூகவியல் வாயை மூடிக்கொண்டு டீ குடித்தது.

ரசீது எழுதும் இடத்தில்தான் அப்பா தடுமாறினார். வாங்குபவர் பெயர் கேட்டார்கள். அவர் பழக்கத்தில் தம்பியைப் பார்த்தார், தம்பி அம்மா பெயரைச் சொன்னான், கடன் அவர் பெயரில்தானே. அம்மா பெயர், அப்பா பெயர், ஊர். தெருவைக் கேட்டபோது எல்லாரும் ஒரு நொடி பேசாமல் இருந்தோம். பிறகு தெருப்பெயரையும் சொன்னோம். எழுதியவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

மினி லாரியில் ஏற்றி வந்து ஊர் முனையில் இறக்கியபோது சாயங்காலம் ஆறு மணி. எங்கள் தெருவுக்கு ஊருக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஏறிப் போவதா, நடத்திப் போவதா? இதற்காகவே முந்தின வாரம் காவல் நிலையத்துக்கு ஒரு மனு எழுதிப் பையில் வைத்திருந்தோம். "லாரியில நின்னே வந்திருக்குது, கால் நடுங்குது பாரு. இன்னைக்கு ஏறக்கூடாது" என்றார் அப்பா. கால் நடுங்கியது உண்மை. அப்பா குரலும் கொஞ்சம் நடுங்கியது. இரண்டில் எதற்காக நாங்கள் நடந்தோம் என்று இப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "யாரு குதிரைடா?" என்றார். "எங்க குதிரைங்க" என்றான் தம்பி. "ங்க" போடாமல் சொல்லியிருக்கலாம் என்று அவனே ராத்திரி சொன்னான்.

நான்காம் நாள் காலையில் ஏரிப் புறம்போக்கு வரைக்கும் ஏறிப் போய் வந்தான். பின்னால் தெருப்பிள்ளைகள் ஓடினார்கள். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புறம்போக்கில் மேய்க்கக்கூடாது என்று அடுத்த வாரம் ஆள் வந்தது. ஊர் மாடெல்லாம் அங்கேதான் மேய்கிறது. பொது நிலத்தைப் பயன்படுத்தத் தடுப்பதும் அதே சட்டப்பிரிவில் இருக்கிறது. பையில் இருந்த மனுவை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம். அதுவரை அம்மா தவிடும் கொள்ளும் வாங்கிப் போடுகிறார், ஒரு நாளைக்கு 250 ரூபாய் ஆகிறது.

ஆவணியில் பக்கத்துக் காலனியில் ஒரு கல்யாணம், முன்பணம் 1,000 வந்துவிட்டது. சந்தையில் கொடுத்த கடிவாளம் குதிரைக்கு வாயில் உரசுகிறது. தாத்தாவின் குத்தூசியைத் தேடி எடுத்து அப்பா திண்ணையில் உட்கார்ந்து வேறு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறார்.