இரண்டாவது கோல் யாருடையது?

உலகக் கோப்பைக் கால்பந்தில் முதன்முதலாக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் யார் என்று கேட்டால், தென் அமெரிக்கர் ஒருவர் பெயரைச் சொல்லத்தான் நம் நாக்குத் துடிக்கும். அவர் பெர்ட் பேட்டனாட். ஐக்கிய அமெரிக்காவில் பால் ரிவர் என்னும் பஞ்சாலை நகரில் 1909 நவம்பர் 4இல் பிறந்தவர்.

1930 ஜூலை 17 அன்று மாண்டிவீடியோவில் அமெரிக்கா பராகுவேயை 3-0 என வென்றது. மூன்றும் இந்த இருபது வயது இளைஞர் உதைத்தவையே. ஆனால் இரண்டாவது கோலைச் சில ஏடுகள் அவருடைய அணித் தோழர் டாம் புளோரியின் பெயரில் எழுதின. வேறு சில, பராகுவே ஆட்டக்காரரே தம் வலைக்குள் தள்ளிக்கொண்டது என்றன. இரண்டே நாளில் அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். முதல்வர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அவர்மீது குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் போட்டதும் மூன்றுதான். எனக்கு ஆறாத வருத்தமெல்லாம் கணக்கெழுதியவர்கள்மீதுதான்.

1974இல், தம் 65ஆம் பிறந்த நாளன்றே, பேட்டனாட் காலமானார். உலகக் கால்பந்துச் சம்மேளனம் ஏட்டைத் திருத்தி அந்தக் கோலை அவர் பெயரில் எழுதியது 2006 நவம்பரில். ஆட்டம் முடிந்து அப்போது 76 ஆண்டுகள். அவர் மறைந்து 32 ஆண்டுகள்.