நீங்கள் என்னைக் காணேல்லை

போன மார்கழியில் பொன்னாலைப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரரை விழுத்தினேன். அவர் லைட் இல்லாமல் வந்தார் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. ஆனால் பிழை என்னுடையது.

காரைநகர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்துத் திருவெம்பாவைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்த வானை நானே ஓடினேன். பக்கத்தில் மாமா, பின்னால் அம்மா. காரைநகருக்குத் திரும்பும்போது மம்மல் நேரம், இரண்டு பக்கமும் பரவைக் கடல். போன் அடித்தது, குனிந்து பார்த்தேன்.

"தம்பி, சைக்கிள்!" என்று மாமா கத்தியபோது என் கால் பிறேக்கைத் தேடவில்லை. காது மணியைத் தேடியது. ரொறன்ரோவில் நாலு வருடமாக முன்னால் எது வந்தாலும் கார்தான் மணியடித்துச் சொல்லும். இந்த வானில் மணியில்லை. ஸ்டியறிங்கை வெட்டினேன். கண்ணாடி அவருடைய ஹாண்டிலில் பட்டது.

கரியரில் இருந்த உரப்பை அவிழ்ந்து, தார் றோட்டில் இறால் துள்ளிக்கொண்டு கிடந்தது. அவருக்கு முழங்காலில் இரத்தம். இறங்கிய நான் முதலில் கேட்டது இதைத்தான்: "லைட் ஒண்டும் இல்லாமல் ஏன் ஐயா வாறீங்கள்?"

இறாலைப் பொறுக்கியபடியே சொன்னார்: "நான் உங்களைக் கண்டு ஒதுங்கினனான் தம்பி. நீங்கள்தான் என்னைக் காணேல்லை." கொடுத்த காசில் இறாலின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

அன்றிரவு வீட்டில், கனடாக் கார் என்றால் தானே நின்றிருக்கும் என்றேன். நின்றிருக்குமா? இருட்டிலும், சைக்கிளில் பெரிய சுமை இருந்தாலும் அடையாளம் காணாமல் விடலாம் என்று என் காரின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. திரும்பிப் போன பிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். பனி கொட்டி றேடாரை மூடினால் அதே கார் "இயங்காது" என்று எழுதிக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். அதைப் பலமுறை கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கருவிகள் பழகிய ஊரைத்தான் அறியும். சுவீடனின் மூஸ் போன்ற பெரிய மான்களைப் பார்த்துப் பழகிய வொல்வோவின் கருவி, அவுஸ்திரேலியாவில் கங்காரு துள்ளியபோது தூரம் கணிக்க முடியாமல் குழம்பியதை 2017இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். கனடாவுக்குள்ளேயே, சில நிபந்தனைகளில் தானே ஓடும் மூன்றாம் நிலைக் காரை ஒன்ராறியோ அனுமதிக்கிறது, பிரிட்டிஷ் கொலம்பியா 2024 ஏப்ரலில் தடை செய்தது. என்னுடையது வெறும் இரண்டாம் நிலை. அதில் எந்த நொடியும் ஓட்டுபவர்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் ரெம்பி நகரில் ஊபரின் பரிசோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண் இறந்தார். கணினி அவரை வாகனம் என்றது, பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும் அவர் அதுவரை வந்த தடத்தை மறந்தது. கடவை இல்லாத இடத்தில் ஒருவர் வீதியைக் கடப்பார் என்பதே அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. காருக்குள் கண்காணிப்புக்கு இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்த அன்று, அந்தச் சாரதியை மறியலில் போட வேண்டும் என்று நண்பர்களிடம் கொதித்தவன் நான்.

காரைநகரில் கடவை பார்த்து யார் கடக்கிறார்கள்? ஆடு கடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளை கடக்கும், கிடுகு ஏற்றிய சைக்கிள் கடக்கும். பதினெட்டு வயதில் இதே பாலத்தில் இரவில் லைட் இல்லாமல் சைக்கிள் ஓடியவன் நான். எதிரே வந்த பஸ்காரர்கள் என்னைக் கண்டார்கள்.

அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வருகிற மார்கழியில் கோயிலுக்குப் போக முன்னம் பொன்னாலையில் இறங்கி அவர் வீட்டை விசாரிக்க வேண்டும்.