தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

காப்பர் கேன்யன் ரயிலுக்கும் சாம்பல் திமிங்கலத்துக்கும் என்ன சம்பந்தம்? டிக்கெட் போடும்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டும் மெக்சிகோவின் வடமேற்கில் இருக்கின்றன, பிப்ரவரியில் போனால் ஒரே லீவில் இரண்டையும் பார்த்துவிடலாம். முதலில் மலை, அப்புறம் கடல். நானும் கல்லூரி நண்பனும் அப்படித்தான் கிளம்பினோம்.

அந்த ரயில்பாதை மலையைப் பார்ப்பதற்காகப் போட்டதல்ல. கடலுக்காகப் போட்டது. 1870களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஓவன் என்ற அமெரிக்கர் தோப்போலோபாம்போ விரிகுடாவைப் பார்க்கிறார். அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து பசிபிக் கடலை எட்ட, ஆசியாவோடு வியாபாரம் செய்ய, இதைவிடக் குறுக்கு வழி கிடையாது என்று அவருக்குத் தோன்றுகிறது. 1886இல் அங்கே ஒரு கூட்டுறவுக் குடியேற்றம்கூடத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. 1900இல் ஆர்தர் ஸ்டில்வெல் என்பவர் கன்சாஸ் சிட்டியிலிருந்து அதே துறைமுகத்துக்குப் பாதை போடக் கம்பெனி ஆரம்பித்தார். அது திவாலானது. நடுவில் மேற்கு சியர்ரா மாத்ரே மலைத்தொடர் நின்றது. கடைசியில் மெக்சிகோ அரசே மிச்ச வேலையை முடித்து 1961இல் திறந்தது. கனவுக்கும் ரயிலுக்கும் நடுவே கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம்.

எல் ஃபுவெர்த்தே ஊரில் காலையில் ஏறினோம். முதல் இரண்டு மணி நேரம் கள்ளிச்செடியும் வெயிலும்தான். நண்பன் தூங்கிவிட்டான். அப்புறம் பாலங்கள் வர ஆரம்பித்தன. மொத்தப் பாதை சுமார் 650 கிலோமீட்டர், அதில் 37 பாலங்கள், 86 சுரங்கங்கள் என்பது கையேடுகள் எல்லாம் சொல்லும் கணக்கு. நான் எண்ணத் தொடங்கி இருபதோடு விட்டுவிட்டேன். தெமோரிஸ் என்ற இடத்தில் பள்ளத்தாக்கின் ஒரே சுவரில் மூன்று அடுக்காகத் தண்டவாளம் தெரிகிறது. நாம் வந்த பாதை கீழே, நிற்கும் பாதை நடுவில், போகப்போகும் பாதை தலைக்கு மேலே. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலைக்குள்ளேயே முழுசாகத் திரும்பி, எதிர்த்திசையில் வெளியே வருகிறது. நண்பன் எழுந்து, "மாப்ள, திரும்பி ஊருக்கே போறோமாடா?" என்றான்.

கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் கிளம்பிய பாதை சுமார் 2,400 மீட்டர் உயரம் வரை போகிறது. மதியம் தாண்டியதும் கள்ளி மறைந்து பைன் மரம் வந்துவிட்டது. ஸ்வெட்டர் தேட வேண்டியிருந்தது. திவிசதேரோ நிலையத்தில் இறங்கிப் பத்து இருபது அடி நடந்தால் தரை முடிந்துவிடுகிறது. எதிரே பள்ளத்தாக்குகள், ஒன்றுக்குள் ஒன்றாக. செம்புச் சுரங்கம் இருந்ததால் வந்த பெயர் இல்லை இது. பாறைச் சுவரில் படிந்திருக்கும் களிம்புப் பச்சை நிறத்தால் வந்தது என்கிறார்கள்.

நிலையத்தை ஒட்டிக் கடைகள். எண்ணெய் டிரம்மை வெட்டி அடுப்பாக்கி, அதன்மேல் தகடு போட்டு, மக்காச்சோள மாவில் தடித்த ரொட்டி சுடுகிறார்கள். அதைக் கீறி உள்ளே பீன்ஸ், கறி, மிளகாய் அடைத்துத் தருவார்கள். பக்கத்தில் தரையில் ரராமுரிப் பெண்கள், பூப்போட்ட அகலப் பாவாடையுடன், பைன் ஊசியில் முடைந்த கூடைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். கூவி விற்பதில்லை. விலை கேட்டால் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு சிறுமி எங்கள் எதிரே வந்து நின்று, "கோரிமா" என்றாள்.

நண்பன் சில்லறையைத் தேடினான். "பாவம், பிச்சை கேக்குதுடா." அன்று இரவு எங்கள் விடுதிக்காரர்தான் விளக்கினார். கோரிமா என்றால் பிச்சை இல்லையாம், பங்கு. இருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்வது ரராமுரி வழக்கம். கேட்பதில் கூச்சமும் இல்லை, கொடுப்பதில் பெருமையும் இல்லை. அதனால்தான் அந்தச் சிறுமி காசை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. அவள் பங்கு, வாங்கிக்கொண்டாள்.

ரராமுரிகள் இந்தப் பள்ளங்களுக்கு ஒதுங்கியது ஸ்பானியர்களிடமிருந்து தப்பத்தான். 17ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கமும் யேசு சபைப் பாதிரிமார்களும் வந்தபோது பலமுறை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். தோற்ற பிறகு பலர் குதிரை வர முடியாத இடமாகப் பார்த்து நகர்ந்தார்கள். கோடையில் மேலே பைன் காட்டில், குளிர்காலத்தில் கீழே வெதுவெதுப்பான ஆற்றோரத்தில். இடம் அவர்களைக் காப்பாற்றியது. பிறகு ரயில் வந்தது. ரயிலோடு மரம் அறுக்கும் தொழில் வளர்ந்தது. க்ரீல் என்ற ஊரே ஒரு ரயில் நிலையமாக, மரக் கிடங்காக வளர்ந்த ஊர்தான். காட்டை வெட்டுவதை எதிர்த்த ரராமுரி விவசாயி இசித்ரோ பால்தெனேக்ரோவுக்கு 2005இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அவருடைய அப்பாவை முன்பே சுட்டுக் கொன்றிருந்தார்கள், அதே காரணத்துக்காக. 2017 ஜனவரியில் இவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

மறுநாள் சாகசப் பூங்காவுக்குப் போனோம். பள்ளத்தாக்கின் மேல் இரண்டரை கிலோமீட்டர் நீளக் கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம். நண்பன் பறந்தான். நான் பறக்கவில்லை, உயரம் எனக்கு ஆகாது. திரும்பி வந்தவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "கீழ வீடு இருக்குடா மாப்ள. துணி காயப் போட்டிருக்காங்க. ஒரு அம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. நான் யாரு வீட்டு மேலயோ கத்திக்கிட்டே போயிருக்கேன்."

அந்த அம்மா ஏன் நிமிர வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை பேர் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போகிறார்கள். இந்தச் சுற்றுலாத் திட்டத்தில் தங்களையும் கலந்து பேச வேண்டும் என்று பாகஹிப்பாரே என்ற ரராமுரி ஊர் வழக்குப் போட்டு, 2012இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தன் வீட்டுக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமைக்கு உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஓவன் கனவு கண்ட அதே தோப்போலோபாம்போவிலிருந்து இன்று லா பாஸுக்குப் படகு போகிறது. இரவு ஏறினால் காலையில் கலிஃபோர்னியா வளைகுடாவைத் தாண்டி பாஹா கலிஃபோர்னியாவில் இறங்கலாம். அங்கிருந்து ஒரு நாள் பூரா வடக்கே காரில் போனால் சான் இக்னாசியோ. பாலைவனத்துக்கு நடுவே பேரீச்சந்தோப்பு, கல்லால் கட்டிய பழைய தேவாலயம். 1728இல் யேசு சபையினர் அமைத்த ஊர். இங்கே இருந்தவர்கள் கொச்சிமி மக்கள். ஒளிந்துகொள்ளப் பெரிய பள்ளத்தாக்கு எதுவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. வெளியாட்களோடு வந்த நோய்கள் ஊர் ஊராக அவர்களை வாரிக்கொண்டு போயின. அந்த மொழியைப் பேச இன்று ஆள் இல்லை. தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது, மலையில் கேட்ட "கோரிமா" என்ற ஒரு சொல் மிஞ்சியிருப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றியது.

அங்கிருந்து மேற்கே, பசிபிக் கரையில் இருக்கிறது காயல். சாம்பல் திமிங்கலங்கள் கோடையில் ஆர்க்டிக் பக்கம் கடலடிச் சேற்றைக் கலக்கி, அதிலுள்ள சிற்றுயிர்களை வடிகட்டித் தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் தெற்கே பாஹாவின் காயல்களுக்கு வரும். போகவர 16,000 கிலோமீட்டருக்கு மேல். ஆழமில்லாத, அலையில்லாத, கொலைகாரத் திமிங்கலங்கள் அதிகம் எட்டிப்பார்க்காத நீர். குட்டி போடத் தோதான இடம். தாய் இங்கே பெரிதாக எதுவும் சாப்பிடாது. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால்.

இந்த ஒதுக்கிடத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். 1857இல் சார்லஸ் ஸ்கேமன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் வடக்கே உள்ள ஓஹோ தே லியெப்ரே காயலுக்குள் கப்பலைக் கொண்டுபோனார். எண்ணெய்க்காக வேட்டை. விஷயம் பரவ, மற்றவர்களும் வந்தார்கள், சான் இக்னாசியோவுக்கும் வந்தார்கள். குட்டியைத் துரத்தினால் தாய் தானாக அருகே வரும் என்று தெரிந்துகொண்டார்கள். தாய் வந்தது, படகை உடைத்தது. அதனால் அதற்குப் பேய் மீன் என்று பெயர் வைத்தார்கள். குட்டியைக் காப்பாற்ற வந்தது பேயாகிவிட்டது. சில பத்தாண்டுகளில் வேட்டையாட ஒன்றும் மிச்சமில்லை. பிறகு, இன்னொரு பெரும் வேட்டைக் காலத்துக்கும் பிறகுதான், 1946இன் சர்வதேச உடன்படிக்கை முழுப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது.

பேய் என்ற பயம் மட்டும் மீனவர்களிடம் தங்கிவிட்டது. 1972இல் சான் இக்னாசியோ காயலில் பாச்சிக்கோ மயோரால் என்ற மீனவரின் சிறு படகை ஒரு திமிங்கலம் நெருங்கியது. விலகவும் இல்லை. அவர் பயந்துகொண்டே கையை நீட்டித் தொட்டார். காயலில் இன்றைக்கு நடக்கும் எல்லாமே அந்தத் தொடுகையில் ஆரம்பித்தது என்பார்கள்.

எங்கள் படகுக்காரரும் மீனவர்தான், சீசனில் மட்டும் இந்த வேலை. கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்: "நாம துரத்தப் போறதில்ல. போய் நிப்போம். அதுக்குத் தோணினா வரும்." ஒரே சமயத்தில் இத்தனை படகுதான் என்று கணக்கு உண்டு. ஒன்றரை மணி நேரம் ஆனால் திரும்பிவிட வேண்டும். காயலின் உட்பகுதிக்கு யாரும் போகக் கூடாது, அது குட்டிகளுக்கு. முக்கால் மணி நேரம் சும்மா மிதந்தோம். தூரத்தில் நீர்ப்புகை எழுந்து அடங்கியது. நண்பன் ஒருமுறைகூட போனை எடுக்கவில்லை.

பிறகு எங்களுக்குக் கீழே தண்ணீர் கறுத்தது. எங்கள் படகைப்போல இரண்டு மடங்கு நீளம் இருந்த தாய், அசையாமல் அடியில் கிடந்தது. அதன் முதுகிலிருந்து சறுக்கினாற்போல் குட்டி மேலே வந்தது. குட்டி என்றாலும் எங்கள் கார் நீளம். பக்கத்தில் வந்து மூச்சுவிட்டது, முகமெல்லாம் மீன்வாடைச் சாரல். தொட்டேன். அவித்து உரித்த முட்டையை ஈரத்தோடு தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி. குட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கண் எங்களைப் பார்த்தது.

திமிங்கலங்கள் நம்மை மன்னித்துவிட்டன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கேமனின் ஈட்டியைப் பார்த்த திமிங்கலம் எதுவும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. மன்னிப்பு நம்முடைய சொல், நமக்கு ஆறுதல். உண்மையில் நடந்தது அதைவிட எளிமையானது. பல பத்தாண்டுகளாக இங்கே யாரும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. வருவதா வேண்டாமா என்பதை அவற்றிடமே விட்டிருக்கிறார்கள். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

அந்தத் தாழ்ப்பாள் தானாக வந்ததில்லை. இதே காயலின் கரையில் பெரிய உப்பளம் கட்ட மெக்சிகோ அரசும் மிட்சுபிஷியும் சேர்ந்து திட்டம் போட்டன. ஐந்து வருடத்துக்கு மேல் எதிர்ப்பு நடந்து, 2000 மார்ச்சில் அதிபர் எர்னெஸ்தோ செதியோ அதைக் கைவிட்டார். பிறகு கரையோர நிலத்தின் பொதுச் சொந்தக்காரர்களான உள்ளூர் மக்கள், அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். படகும் அவர்களுடையது, விதியும் அவர்கள் கையில். மலையில் நான் பார்க்காதது இதைத்தான். அங்கேயும் பயணிகள் வருகிறார்கள், அங்கேயும் காசு புழங்குகிறது. ஆனால் கம்பி யாருடையது, ரயில் யாருடையது, நேரம் யார் குறித்தது என்று கேட்டால், தரையில் கூடை பரப்பியவர்களின் பெயர் வராது. திமிங்கலத்துக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்க இன்னும் கை வரவில்லை.

காயலிலும் எல்லாம் சுகம் என்றில்லை. 2016இல் சுமார் 27,000 ஆக இருந்த கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலங்கள் 2025 கணக்கெடுப்பில் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டன. கடல் சூடேறி, வடக்கே இரை குறைந்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கரை திரும்பும்போது படகுக்காரரிடம், இந்த வருஷம் வரத்து எப்படி என்று கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "குட்டி குறைச்சல். நாங்க இந்தப் பக்கம் ஒழுங்காத்தான் பாத்துக்கறோம். அந்தப் பக்கம் பாத்துக்க வேண்டியது நீங்க எல்லாரும்தானே?"

நீங்க எல்லாரும் என்றபோது அவர் கை எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் காட்டியது.